இரைச்சலை வென்ற அலை

ஐப்பசி மாதத்து மாலை நேரம். வானம் கறுத்துக் கிடக்கின்றது; தொலைவில் மின்னல் வெட்டுகின்றது. வீட்டின் ஒரு மூலையில் மத்திய அலையில் இயங்கும் பழைய வானொலிப் பெட்டி. மற்றொரு மூலையில் எப்.எம். அலையில் இயங்கும் சிறிய பெட்டி. இரண்டிலும் ஒரே பாட்டு ஒலிக்கின்றது என்று வைத்துக்கொள்க. மின்னல் வெட்டுந்தோறும் பழைய பெட்டி கரகரவென்று இரைகின்றது. பாடுபவரின் குரல் நடுவே முறிந்து போகின்றது. சிறிய பெட்டியோ மின்னலென்று ஒன்று உலகில் உண்டென்பதையே அறியாததுபோலப் பாடிக்கொண்டிருக்கின்றது. கேட்பவர் எவரும் எப்.எம். முறையே சிறந்தது என்று உடனே தீர்ப்புக் கூறிவிடுவர்.

ஆயின் அத்தீர்ப்பைச் சற்றுப் பொறுத்துக் கூறுதலே நன்று. அவ்விரு பெட்டிகளையும் ஒரு மீன்பிடி வள்ளத்தில் ஏற்றி ஆழ்கடலுக்குக் கொண்டுசெல்க. கரை கண்ணுக்கு மறைந்து நெடுந்தூரம் சென்றதும் சிறிய பெட்டி மெல்ல மெல்ல ஊமையாகிவிடுகின்றது. பழைய பெட்டியோ, கரகரப்போடெனினும், கரையின் செய்தியையும் வானிலை அறிவித்தலையும் விடாது சொல்லிக்கொண்டிருக்கின்றது. இப்பொழுது சிறந்தது எது?

ஒன்று தெளிவாகப் பேசுகின்றது. மற்றொன்று தொலைவுக்குப் பேசுகின்றது. இரண்டு நலன்களையும் ஒரே பெட்டி ஏன் தரலாகாது? இந்த வினாவுக்கு விடை காண்பதற்கு, ஒலியானது காற்றைக் கடந்து எவ்வாறு வருகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மனிதனுடைய செவி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளைக் கேட்க வல்லது. ஒரு செக்கனில் எத்தனை அதிர்வுகள் நிகழ்கின்றன என்ற எண்ணிக்கையை மீடிறன் என்றும் அதிர்வெண் என்றும் கூறுவர். ஒலிவாங்கியின் முன் ஒருவர் பேசுகின்றபொழுது அவருடைய குரலின் அதிர்வுகள் அதே மீடிறனுள்ள மின்னதிர்வுகளாக மாறுகின்றன. அம்மின்னதிர்வுகளை அப்படியே வானில் செலுத்திவிடலாமே என்று தோன்றும். அது நடவாத காரியம். செக்கனுக்கு 1,000 அதிர்வுள்ள மின்காந்த அலையொன்றின் நீளம் 300 கிலோமீற்றர். அத்தகைய அலையைத் திறமையாகச் செலுத்த வல்ல வான்கம்பி பல பத்துக் கிலோமீற்றர் உயரம் இருத்தல் வேண்டும். அவ்வாறு ஒன்றைக் கட்டினாலுங்கூட, எல்லா நிலையங்களின் குரல்களும் ஒரே இடத்தில் வந்து மோதிக் குழம்பும்.

ஆகவே குரலுக்கு ஒரு வாகனம் தேவைப்படுகின்றது. செக்கனுக்கு இலட்சக்கணக்கில் அல்லது கோடிக்கணக்கில் அதிரும் அலையொன்றை நிலையம் இடைவிடாது வானில் செலுத்துகின்றது. குரலைச் சுமந்து செல்வதால் அதற்குக் காவி அலை என்று பெயர். செக்கனுக்கு 10 இலட்சம் முறை அதிரும் காவி அலை, அதாவது 1,000 கிலோஹேட்ஸ் அலை, 300 மீற்றர் நீளமுடையது. 100 மெகாஹேட்ஸ் அலை 3 மீற்றர் நீளமே உடையது. முன்னது மத்திய அலையின் நடுப்பகுதியில் உள்ளது, பின்னது எப்.எம். பகுதியைச் சேர்ந்தது. ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனிக் காவி அலை உண்டு. வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்புவோர், வந்துசேரும் அலைகளுள் தமக்கு வேண்டிய ஒன்றையே தேர்ந்து கொள்கின்றனர்.

இனி, குரலைக் காவி அலையின்மேல் ஏற்றுவது எங்ஙனம்? தனியே ஓடும் காவி அலை ஒரே உயரத்தில் ஒரே வேகத்தில் அதிர்ந்துகொண்டிருக்கும். அதில் செய்தி எதுவும் இல்லை. அதில் ஏதேனும் ஒரு பண்பைக் குரலுக்கு இசைய மாற்றினாற்றான் செய்தி பிறக்கும். அவ்வாறு மாற்றுவதற்கே பண்பேற்றம் என்று பெயர். அலையின் உயரத்தை, அதாவது வீச்சத்தை, மாற்றுவது வீச்சப் பண்பேற்றம், அதுவே ஏ.எம். அலையின் மீடிறனை மாற்றுவது மீடிறன் பண்பேற்றம், அதுவே எப்.எம். இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேற்றுமை இவ்வளவே.

கலங்கரை விளக்கமொன்றை மனத்திற் கொள்ளின் இது எளிதில் விளங்கும். கடலிலுள்ள கப்பலுக்கு விளக்கின் மூலம் ஒரு செய்தி அனுப்புதல் வேண்டும். விளக்கின் ஒளியைக் கூட்டியும் குறைத்தும் செய்தி அனுப்புதல் ஒரு வழி. ஒளியின் அளவை மாற்றாது நிறத்தை மட்டும் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கும் மஞ்சளிலிருந்து பச்சைக்கும் மாற்றிச் செய்தி அனுப்புதல் மற்றொரு வழி. முதலாவது ஏ.எம். முறையை ஒத்தது, இரண்டாவது எப்.எம். முறையை ஒத்தது. இடையிலே பனிமூட்டம் வந்து ஒளியை மங்கச் செய்கின்றது என்க. முதல் வழியில் வரும் செய்தி குழம்பிவிடும். ஒளி மங்கியது செய்தியாலா, பனியாலா என்று கப்பலிலிருப்பவன் அறியான். இரண்டாவது வழியிலோ ஒளி மங்கினாலும் நிறம் மாறாது, செய்தி பிழைத்துக்கொள்ளும்.

வானொலிக்கு இடையூறு செய்யும் இரைச்சலும் அலையின் உயரத்தையே பெரிதும் தாக்குகின்றது. மின்னல் ஒன்று வெட்டும்பொழுது அதுவும் ஒரு மின்காந்த அலையை எழுப்புகின்றது. அந்த அலை காவி அலையின்மேல் ஏறி அதன் உயரத்தைக் கூட்டியும் குறைத்தும் விடுகின்றது. ஏ.எம். பெட்டி உயரத்தின் ஏற்றத்தாழ்வையே குரலென்று கொள்ளும் இயல்பினது. எனவே மின்னலையும் அது பாடச் செய்கின்றது. மோட்டார்களின் தீப்பொறியும் மின்கம்பிகளின் கசிவும் செய்யும் தொல்லையும் இத்தகையதே.

இத்தனை குறை இருந்தும் ஒலிபரப்பின் முதற்காலத்தில் ஏ.எம். முறையே உலகெங்கும் பரவியதற்குக் காரணம் அதன் எளிமை. 1900 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் ரெஜினால்ட் பெசென்டன் என்பார் அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரு மைல் தூரத்துக்கு மனிதக் குரலைக் கம்பியின்றி அனுப்பினார். அன்று தொடங்கிய வழி அதுவே. ஏ.எம். அலையிலிருந்து குரலைப் பிரித்தெடுக்க ஒரு படிகத் துண்டும், கம்பிச் சுருளும், செவியில் வைக்கும் கேட்பானுமே போதும், மின்கலமுங்கூட வேண்டியதில்லை. 1925 ஆம் ஆண்டு டிசெம்பர் 16 ஆந் திகதி கொழும்பில் முறையான ஒலிபரப்புத் தொடங்கியபொழுது வானில் எழுந்ததும் இவ்வகை அலையே.

எனினும் இரைச்சல் என்னும் பகை பொறியியலாளரை உறங்கவிடவில்லை. இரைச்சல் அலையின் உயரத்தைத் தாக்குமாயின், குரலை உயரத்திலிருந்து அகற்றி மீடிறனில் வைத்தால் என்ன என்ற எண்ணம் பலருக்கும் எழுந்தது. ஆயின் அவர்கள் ஒரு தவறு செய்தனர். மீடிறனைச் சிறிதளவே அசைத்தால், நிலையமொன்றுக்கு வேண்டிய இடமும் குறையும், இரைச்சலும் குறையும் என்று நம்பினர். 1922 ஆம் ஆண்டு அமெரிக்கக் கணித அறிஞர் ஜோன் கார்சன் அந்நம்பிக்கையை ஆராய்ந்து, இம்முறையால் இடம் மிச்சப்படாது என்று கணிதத்தால் நிறுவினார். கணக்கில் பிழை இல்லை. அதன் பின்னர் அறிஞர் பலர் மீடிறன் பண்பேற்றத்தைப் பயனற்றதென்று ஒதுக்கிவைத்தனர்.

ஒதுக்கிவைக்க மறுத்தவர் ஒருவர். அவர் பெயர் எட்வின் ஹோவார்ட் ஆம்ஸ்ரோங். 1890 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிற் பிறந்த ஆம்ஸ்ரோங், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த காலத்திலேயே, 1912 இல், வலுக்குன்றிய வானொலி அலையைப் பன்மடங்கு பெருக்கும் மீளூட்டச் சுற்றைக் கண்டறிந்தவர். முதலாம் உலகப் போரின்போது பிரான்சில் இராணுவ அதிகாரியாகப் பணிபுரிகையில், 1918 இல், சுப்பர்ஹெற்றரோடைன் எனப்படும் வாங்கிச் சுற்றை அமைத்தார். பின்னர் உலகெங்கும் செய்யப்பட்ட வானொலிப் பெட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை அந்த அமைப்பையே பின்பற்றின. இத்தகைய ஒருவர் மின்னலின் கரகரப்பை ஒழிப்பதற்கென்று நீண்ட காலத்தைச் செலவிட்டு, பல முறை தோற்று, முடிவில் ஒரு புதிய நோக்கில் வினாவைத் திருப்பிப் பார்த்தார்.

மீடிறனைச் சிறிதளவு அசைத்தாற் பயனில்லை என்று கணக்குக் கூறுகின்றது. அப்படியாயின் பெரிதளவு அசைத்தால் என்ன? எல்லோரும் இடத்தை மிச்சப்படுத்த முயன்றபொழுது, ஆம்ஸ்ரோங் இடத்தைத் தாராளமாகச் செலவழிக்கத் துணிந்தார். கண்டுபிடிப்பின் உயிர்நாடி இந்தத் துணிவிலேயே அடங்கியிருக்கின்றது.

தேர்த்திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் தொலைவிலுள்ள நண்பருக்குச் சைகை காட்ட விரும்புகின்றார் என்க. கூட்டம் நெருக்கித் தள்ளுகின்றது. நிற்பவர் உடல் இங்குமங்கும் ஆடுகின்றது. அவர் விரலை மட்டும் சிறிது அசைத்தால், அது சைகையா, கூட்டத்தின் தள்ளலா என்று நண்பருக்கு விளங்காது. கை முழுவதையும் உயர்த்தி அகல வீசினாலோ எவ்வளவு நெரிசலிலும் அது தெரியும். இரைச்சலும் மீடிறனைச் சிறிது அசைக்கவே செய்கின்றது. ஆனால் குரல் மீடிறனை மிக அகலமாக அசைக்குமாயின், இரைச்சலின் சிற்றசைவு அதன்முன் ஒரு பொருட்டாகாது.

இதற்கேற்ப எப்.எம். பெட்டியினுள் ஓர் உறுப்பு அமைந்திருக்கின்றது. வந்துசேரும் அலையின் உயரத்திலுள்ள மேடு பள்ளங்களை அது ஒரே மட்டமாக வெட்டிவிடுகின்றது. ஆகவே மின்னல் அந்த உயரத்தில் செய்த அழிவு அங்கேயே நீங்கிவிடுகின்றது. எஞ்சிய அலையில் மீடிறன் எவ்வாறு ஏறி இறங்குகின்றது என்பதை மட்டும் அடுத்த உறுப்பு கவனித்துக் குரலாக மாற்றுகின்றது. இவ்வேலை படிகத் துண்டொன்றால் ஆகக்கூடியதன்று, அதனால் எப்.எம். பெட்டி தொடக்கத்தில் விலையும் சிக்கலும் மிகுந்ததாயிருந்தது.

1933 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் திகதி ஆம்ஸ்ரோங்குக்கு இம்முறைக்கான காப்புரிமைகள் கிடைத்தன. அமெரிக்க வானொலித் துறையின் பெரு நிறுவனமாகிய ஆர்.சி.ஏ. யின் தலைவர் டேவிட் சார்னோவ் அவருடைய பழைய நண்பர். ஆம்ஸ்ரோங்கின் மனைவி மேரியன், திருமணத்தின் முன் சார்னோவிடம் செயலாளராயிருந்தவர். அந்த நட்பின் பயனாக 1934 இல் நியூயோர்க்கின் எம்பயர் ஸ்ரேற் கட்டிடத்தின் உச்சியிலிருந்து சோதனை ஒலிபரப்புகள் நடைபெற்றன. ஏறத்தாழ 80 மைல் தொலைவிலுங்கூட இடிமழை நேரத்திலும் குரல் தெளிவாகக் கேட்டது. எனினும் அடுத்த ஆண்டிலேயே தொலைக்காட்சிச் சோதனைக்கு இடம் வேண்டுமென்று கூறி, அக்கட்டிடத்திலிருந்து அவருடைய கருவிகளை அகற்றுமாறு ஆர்.சி.ஏ. கேட்டுக்கொண்டது.

1935 ஆம் ஆண்டு நவெம்பர் 5 ஆந் திகதி நியூயோர்க்கில் வானொலிப் பொறியியலாளர் சங்கத்தின் கூட்டமொன்று நடைபெற்றது. ஆம்ஸ்ரோங் தமது ஆய்வுரையைப் படித்து, பின்னர் மேடையிலிருந்த வாங்கியை இயக்கினார். யோங்கர்ஸ் என்னும் ஊரில் நண்பரொருவரின் வீட்டிலிருந்து ஒலிபரப்பு வந்தது. கிண்ணமொன்றில் நீர் வார்க்கும் ஓசையும் தாளொன்றைக் கசக்கும் ஓசையும் அண்டையில் நிகழ்வன போலக் கேட்டன. அந்நாள்வரை வானொலி என்றாலே பின்னணியில் ஓர் இரைச்சல் இருந்தே தீரும் என்று பழகியிருந்த பொறியியலாளர்களுக்கு, ஓசைகளுக்கு இடையே இருந்த அமைதியே பெருவியப்பை அளித்தது.

பின்னர் ஆம்ஸ்ரோங் தமது சொந்தப் பணத்தைச் செலவிட்டு, நியூ ஜேர்சி மாநிலத்தின் அல்பைன் என்னுமிடத்தில் 400 அடிக்கு மேற்பட்ட கோபுரமொன்றை எழுப்பினார். 1939 இல் அங்கிருந்து ஒலிபரப்பு நடந்தது. பல நிறுவனங்கள் உரிமைக் கட்டணம் செலுத்தி எப்.எம். பெட்டிகளைச் செய்யத் தொடங்கின. ஆர்.சி.ஏ. மட்டும் ஏனையோரைப்போல உரிமைக் கட்டணம் செலுத்த விரும்பாது, 1940 இல் பத்து இலட்சம் டொலர் மொத்தமாகத் தர முன்வந்தது. மற்றவர்களுக்கு ஒரு நீதி, இந்நிறுவனத்துக்கு ஒரு நீதி என்றிருத்தல் முறையன்று என்று கூறி ஆம்ஸ்ரோங் அதனை மறுத்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் அமெரிக்கப் படைகள் தமது கண்டுபிடிப்புகளைக் கட்டணமின்றிப் பயன்படுத்த இசைவளித்தார்.

போர் முடியும் தறுவாயில் பேரிடி விழுந்தது. அதுவரை எப்.எம். நிலையங்கள் 42 முதல் 50 மெகாஹேட்ஸ் வரையான பகுதியில் இயங்கின. 1945 யூன் மாதத்தில் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு அவற்றை 88 மெகாஹேட்சுக்கு மேலான பகுதிக்கு மாற்றியது. பழைய பகுதியில் தொலைதூர நிலையங்களின் அலைகள் வந்து இடையூறு செய்யுமென்பது கூறப்பட்ட காரணம். காரணம் எதுவாயினும் விளைவு கொடிது. மக்கள் வாங்கி வைத்திருந்த இலட்சக்கணக்கான பெட்டிகள் பயனற்றுப்போயின. நிலையங்கள் கருவிகளை மாற்றவேண்டியதாயிற்று. 1948 யூலையில் ஆம்ஸ்ரோங் ஆர்.சி.ஏ. மீது காப்புரிமை வழக்குத் தொடுத்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. செல்வம் கரைந்தது, உடல் தளர்ந்தது, இல்வாழ்விலும் பிரிவு நேர்ந்தது. 1954 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தின் கடைசி இரவில், 63 ஆம் வயதில், அவர் தமது வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார்.

அவருடைய துணைவியார் மேரியன் வழக்குகளைக் கைவிடவில்லை. அதே 1954 ஆம் ஆண்டில் ஆர்.சி.ஏ. பத்து இலட்சம் டொலருக்குச் சற்று மேற்பட்ட தொகையைக் கொடுத்து இணக்கத்துக்கு வந்தது. ஏனைய நிறுவனங்கள் மீதான வழக்குகளும் ஒவ்வொன்றாக வென்றன. கடைசி வழக்கு 1967 இல் முடிந்தது. அதற்குள் 1955 மே மாதத்தில் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் கென்ற் மாவட்டத்து ரொதம் என்னுமிடத்திலிருந்து எப்.எம். ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. 1961 இல் அமெரிக்காவில் இரு செவிகளுக்கும் தனித்தனி ஒலி தரும் ஸ்ரீரியோ முறையும் இதே அலையில் ஏறியது. தமிழுலகிற்கு அண்மையில், 1977 யூலை 23 இல் சென்னையில் இந்தியாவின் முதலாவது எப்.எம். ஒலிபரப்பு எழுந்தது. இலங்கையில் 1990 களில் தனியார் எப்.எம். நிலையங்கள் தோன்றின. அல்பைன் கோபுரமும் வீண்போகவில்லை. 2001 செப்டெம்பரில் நியூயோர்க்கின் உலக வர்த்தக மையம் தகர்ந்து, அதன் உச்சியிலிருந்த ஒலிபரப்புக் கருவிகள் அழிந்தபொழுது, நகரின் தொலைக்காட்சி நிலையங்கள் சில இக்கோபுரத்திலிருந்தே மீண்டும் ஒளிபரப்பின.

ஆம்ஸ்ரோங் இரைச்சலை வென்றார். ஆனால் இயற்கை எந்த வெற்றியையும் விலையின்றித் தருவதில்லை. எப்.எம். கேட்ட விலை என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், தொடக்கத்தில் எழுந்த வள்ளத்து வினாவுக்கும் விடை கிடைத்துவிடும்.

மத்திய அலையில் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே இந்நாடுகளில் 9 கிலோஹேட்ஸ் இடைவெளியே உள்ளது. அந்தக் குறுகிய வழியில் குரலின் 4,500 அதிர்வுகள் வரையான பகுதியே பெரும்பாலும் நெருக்கடியின்றிச் செல்லும். வீணையின் நுண்ணிய ஓசைகளும் தாளத்தின் கூர்மையும் மத்திய அலையில் மழுங்கிப்போவது இதனாலேயே. எப்.எம். நிலையமோ 15,000 அதிர்வுகள் வரையான ஒலியை ஏற்றுகின்றது. அதற்காகக் காவி அலையின் மீடிறனை இருபுறமும் 75 கிலோஹேட்ஸ் வரை அசைக்கின்றது. இரண்டையுங் கூட்டி இருமடங்காக்கினால், ஒரு நிலையத்துக்கு ஏறத்தாழ 180 கிலோஹேட்ஸ் இடம் வேண்டும். அதாவது மத்திய அலை நிலையங்கள் இருபதுக்குரிய இடத்தை ஓர் எப்.எம். நிலையம் எடுத்துக்கொள்கின்றது. இவ்வகலத்தைக் கணிக்கும் விதிக்குக் கார்சன் விதி என்று பெயர். எப்.எம். முறையால் இடம் மிச்சப்படாது என்று நிறுவிய அதே கார்சனுடைய பெயரையே அது தாங்கி நிற்கின்றது.

மத்திய அலைப் பகுதி முழுவதும் ஏறக்குறைய 526 முதல் 1,606 கிலோஹேட்ஸ் வரை பரந்தது. அதனை முற்றாக எப்.எம். முறைக்கு ஒப்படைத்தாலும் ஆறு நிலையங்களுக்கு மேல் அங்கு இடமிராது. எனவே எப்.எம். தனக்கு வேண்டிய இடத்தைத் தேடி, பரந்த வெளியுள்ள மிக உயர்ந்த மீடிறன்களுக்கு ஏறிச்செல்ல வேண்டியதாயிற்று. 87.5 முதல் 108 மெகாஹேட்ஸ் வரையான பகுதி அவ்வாறு அதற்கு வாய்த்த இடமாகும்.

அங்கு வாழும் அலைகளுக்கோ வேறு குணம் உண்டு. சில மீற்றரே நீளமுள்ள அலை பெரும்பாலும் ஒளியைப்போல நேர்கோட்டில் செல்லும். பூமியின் வளைவைச் சுற்றிச் செல்ல மாட்டாது. 100 மீற்றர் உயரக் கோபுரத்திலிருந்து அத்தகைய அலை தரைமட்டத்தில் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் வரையிலேயே நேரே சென்றெட்டும். 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலை உச்சியில் வான்கம்பி இருந்தால், இடையில் மலை மறைக்காத திசைகளில், எல்லை 200 கிலோமீற்றர் வரை விரியும். உயர்ந்த மலைகள் ஒலிபரப்புக்கு அருமருந்தாவதும், அவற்றின் அடிவாரப் பள்ளத்தாக்குகளில் எப்.எம். அலை மறைந்துபோவதும் இந்த ஒரே காரணத்தினால் விளைவன.

மத்திய அலையின் குணம் இதற்கு மாறானது. நூற்றுக்கணக்கான மீற்றர் நீளமுள்ள அந்த அலை தரையைத் தழுவிக்கொண்டு பூமியின் வளைவோடு வளைந்து செல்லும். உப்புநீர் மின்னைக் கடத்தும் இயல்பினதாகையால், கடலின்மேல் அது இன்னுந் தொலைவு செல்லும். வள்ளத்திலிருந்த பழைய பெட்டி பேசிக்கொண்டிருந்ததற்கு இதுவே காரணம். இரவிலோ அதன் எல்லை மேலும் விரிகின்றது. பூமிக்கு மேல் 60 முதல் 90 கிலோமீற்றர் வரையான உயரத்தில், ஞாயிற்றின் கதிர்களால் உண்டாகும் அயனமண்டலப் படையொன்று பகலில் மத்திய அலையை உறிஞ்சிவிடுகின்றது. ஞாயிறு மறைந்ததும் அப்படை மறைகின்றது. அதற்கும் மேலேயுள்ள படைகள் அலையைத் திருப்பிப் பூமிக்கு அனுப்புகின்றன. பகலில் கேளாத அயல்நாட்டு நிலையங்கள் இரவில் வந்து பேசுவதும், சில வேளைகளில் ஒன்றோடொன்று மோதுவதும் இதனாலாகும். இலங்கை வானொலியின் தமிழொலிபரப்பு கடலைக் கடந்து தமிழ்நாட்டின் வீடுகளிற் புகுந்து பல்லாண்டு குடியிருந்ததும் மத்திய அலை, சிற்றலை ஆகியவற்றின் துணையாலேயே; அவை இரண்டும் ஏ.எம். முறையில் எழுந்தவை.

இங்கு ஒரு தவறான எண்ணத்தையும் களைதல் நன்று. தொலைவு செல்வது ஏ.எம். முறையின் குணமென்றும், குறுகி நிற்பது எப்.எம். முறையின் குணமென்றும் பலர் கருதுவர். தொலைவைப் பெரிதும் தீர்மானிப்பது அலையின் நீளமே. குரலை ஏற்றும் முறை, எந்த அலையில் இடங் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றது. தெளிவு அகலத்தைக் கேட்டது. அகலம் உயர்ந்த மீடிறனைக் கேட்டது. உயர்ந்த மீடிறன் தொலைவை விலையாகக் கேட்டது. விடை இச்சங்கிலியிலேதான் இருக்கின்றது.

ஏ.எம். முறை பழையது, ஆகவே கழிக்கத்தக்கது என்று கொள்வதும் பொருந்தாது. விமானிகள் நிலக் கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேசும் அலை எப்.எம். ஒலிபரப்புப் பகுதிக்கு அடுத்தே, 118 மெகாஹேட்சுக்கு மேலே, இருக்கின்றது. எனினும் அங்கு வழங்குவது ஏ.எம். முறையே. எப்.எம். பெட்டியில் இரு நிலையங்கள் ஒரே அலையில் வந்தால் வலுமிக்கது மற்றதை முற்றாக அமுக்கிவிடும். இசை கேட்பவருக்கு அது நன்மை. வானிலோ, ஆபத்திலுள்ள ஒரு விமானியின் மெலிந்த குரலை அருகிலுள்ள மற்றொரு விமானத்தின் குரல் எவரும் அறியாதபடி விழுங்கிவிடுதல் கூடாது. ஏ.எம். முறையில் இரு குரல்கள் ஒருங்கே எழுந்தால் ஒரு சீழ்க்கையொலி தோன்றி, மற்றொருவரும் பேசுகின்றார் என்று உணர்த்திவிடும். இசையரங்கில் குற்றமாகும் அதே குணம் வானில் உயிர்காக்கும் குணமாகின்றது.

தொலைக்காட்சியில் இரு முறைகளும் ஒரே வீட்டிற் குடியிருந்த காலமும் உண்டு. எண்முறை வருவதற்கு முன் உலகின் பெரும்பாலான நாடுகளில் படம் ஏ.எம். முறையிலும் அதற்குரிய ஒலி எப்.எம். முறையிலும் வந்தன. எண்முறை வந்தபின் ஐரோப்பிய நாடுகள் சில இரண்டையுமே விட்டு விலகத் தொடங்கியிருக்கின்றன. ஜேர்மனியின் தேசிய வானொலி 2015 ஆம் ஆண்டின் இறுதியில் மத்திய அலையை நிறுத்தியது; நோர்வே 2017 இல் தேசிய நிலையங்களை எப்.எம். அலையிலிருந்து எண்முறைக்கு மாற்றிவிட்டது. மின்கலத்தால் ஓடும் மோட்டார் வண்டிகளில் எழும் மின்னிரைச்சல் மத்திய அலையைக் கெடுக்கின்றதென்று கூறி, அப்பெட்டியையே வண்டிகளிலிருந்து நீக்கச் சில உற்பத்தியாளர் முற்பட்டனர். ஆபத்துக் காலத்தில் பரந்த நிலப்பரப்புக்கு எச்சரிக்கை கூறவல்லது மத்திய அலையே என்று அமெரிக்காவில் எதிர்ப்பு எழுந்தது.

அந்த எதிர்ப்பில் ஓர் உண்மை இருக்கின்றது. பெருவெள்ளமும் சூறாவளியும் வரும்பொழுது மின்சாரம் அறும், கோபுரங்கள் சாயும், தொலைபேசி நின்றுபோகும். அவ்வேளையில் தொலைவிலுள்ள ஒரேயொரு வலுமிக்க மத்திய அலை நிலையம், சிறு மின்கலத்தால் இயங்கும் எளிய பெட்டிகள் பல்லாயிரத்துக்கு ஒரே நேரத்தில் செய்தி சொல்ல வல்லது. அப்பொழுது குரலில் கரகரப்பு இருக்கின்றதா என்று எவரும் கேட்பதில்லை. குரல் வருகின்றதா என்றே கேட்பர். சூறாவளி கடந்து அமைதி திரும்பியபின் அதே மக்கள் நல்ல இசையை நாடுவர். அப்பொழுது ஆம்ஸ்ரோங்கின் அலை அவர்களுக்கு வேண்டும்.

வானொலிப் பெட்டியில் ஏ.எம்., எப்.எம். என்று எழுதிய ஒரு சிறு ஆழி இருக்கின்றது. அதனை ஒருபுறம் தள்ளினால் தொலைவு கிடைக்கும். மறுபுறம் தள்ளினால் தெளிவு கிடைக்கும். அந்தத் தெளிவுக்காகத் தம் செல்வத்தையும் இறுதியில் தம்மையும் கொடுத்த ஒருவர் இருந்தார். அடுத்த முறை இடிமழை நேரத்தில் பாட்டொன்று சிறிதும் சிதையாமல் ஒலிக்கும்பொழுது, அந்தப் பாட்டின் இடையிலுள்ள அமைதியையும் நேயர்கள் சற்றுச் செவிகொடுத்துக் கேட்பாராக. அந்த அமைதியே ஆம்ஸ்ரோங் உலகுக்கு விட்டுச்சென்ற செல்வம்.